போமற் அடிச்சாச் சரியாம்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன், ஆனால் யோசித்து எழுதுகிறேன். நேரமில்லாதவர்கள் இந்தப் பந்தியை மட்டும் வாசித்துவிட்டுப் போகலாம். வீட்டில் இருக்கிற பாட்டுப் பிளேயரோ, குர்ஆன் பிளேயரோ, மெமரி காட்டோ திறபடவில்லை என்று கடைக்குக் கொண்டு போகிறீர்கள். அங்கே இருக்கிறவர் "போமற் அடிச்சாச் சரி" என்று சொன்னால், கையை நீட்டித் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள். அதற்குள் உங்கள் வாப்பாவின் குரல் இருக்கலாம்.

மற்றவர்களுக்கு விபரமாகச் சொல்கிறேன்.

தீப்பெட்டி அளவில் ஒரு பிளேயர். பாட்டும் கேட்கலாம், ஒரு பொத்தானை அமத்தினால் குரலும் பதியும். கட்டாரில் இருந்தும் சவூதியில் இருந்தும் பிள்ளைகள் உம்மாவுக்குக் கொண்டு வந்து கொடுத்தவை. நான் போய்வருகிற வீடுகளில் அலுமாரி லாச்சியைத் திறந்தால் இப்படி ஒன்றாவது கிடக்கும். ஸ்மார்ட்போன் வந்த பிறகு யாரும் அதை எடுத்துப் பார்ப்பதில்லை. யாராவது மௌத்தான பிறகுதான் ஞாபகம் வருகிறது. "அவர் அதில கதைச்சு வச்சவரே" என்று தேடி எடுத்துச் சார்ஜ் போட்டு, கொம்பியூட்டரில் குத்தினால் விண்டோஸ் ஒரு பெட்டியைக் காட்டுகிறது. இந்த டிஸ்கைப் பாவிப்பதற்கு முதல் போமற் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கிறது. பெரிய நிறுவனம் கேட்கிறது, சரியாகத்தான் கேட்கும் என்று சனம் நினைக்கிறது. கடைக்காரத் தம்பியும் அப்படித்தான் நினைக்கிறார்.

அந்தக் கேள்வியே பிழை. ஒரு வீட்டின் திறப்புத் தொலைந்துவிட்டது என்று மேசனைக் கூப்பிட்டால், அவர் "இடிச்சுப்போட்டுப் புதுசாக் கட்டட்டா?" என்று கேட்கிற மாதிரி.

உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கினால் உங்களுக்கும் கோபம் வரும். இந்தப் பிளேயர்களில் பெரும்பாலானவை எப்.ஏ.ரி. என்ற கோப்பு முறைமையைப் பாவிக்கின்றன. அதன் வேர் 1977 வரை போகிறது. பழையது, எளியது, எல்லா மெஷினுக்கும் விளங்கும், அதனால்தான் இன்றும் மலிவான சாமான்களில் கிடக்கிறது. பெரிய மெமரி காட்களில் அதன் தம்பி எக்ஸ்-எப்.ஏ.ரி. இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் புதையல் தேடுகிற விளையாட்டு வைப்போமே, அதை நினையுங்கள். முதல் துண்டு அதிபரின் மேசையில் இருக்கும். அதில் "அடுத்தது மாமரத்தடி" என்று எழுதியிருக்கும். மாமரத்தடித் துண்டில் "அடுத்தது கிணற்றடி". எப்.ஏ.ரி.யும் இப்படித்தான். ஒரு குரல்பதிவு நூற்றுக்கணக்கான துண்டுகளாக மெமரியில் கிடக்கும். எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டு என்று ஓர் அட்டவணையில் எழுதியிருக்கும். பெயர், அளவு, முதல் துண்டு எங்கே என்பவை போல்டரில் இருக்கும். அட்டவணை பழுதானால் வழிதான் தொலைகிறது, துண்டுகள் அந்தந்த இடத்திலேயே கிடக்கின்றன. அந்த அட்டவணைக்கும் வழமையாக இரண்டு பிரதி இருக்கும். எப்.ஏ.ரி. 32 என்றால் முதல் பக்கத்துக்கும் ஒரு மேலதிகப் பிரதி உள்ளே உண்டு. அதைச் செய்தவர்கள் பழுது வரும் என்று தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். உயர்தர ஐ.சி.ரி. பிள்ளைகள் இந்தச் சங்கிலி ஒதுக்கீட்டைப் படம் கீறி மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் உம்மாவின் பிளேயர் பழுதானால் அதே பிள்ளை அதைக் கடைக்குத்தான் கொண்டு ஓடுகிறது. இது எங்கள் படிப்பிப்பின் குறை என்று மட்டும் சொல்லி நகர்கிறேன், அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.

கடையில் செய்கிற "குயிக் போமற்" துண்டுகளை அழிப்பதில்லை. அட்டவணையை வெறுமையாக்கிப் புதிதாகக் கீறும், அவ்வளவுதான். ஆகவே போமற் அடித்த பிறகுகூடப் பெரும்பாலும் மீட்கலாம். அதற்குப் பிறகு கடையில் நடப்பதுதான் கொலை.

சென்ற வருடம் ஒரு ராத்தா என்னிடம் ஒரு பிளேயரைக் கொண்டு வந்தார். அவரின் வாப்பா புத்தளத்தில் முகாமில் இருந்த காலத்துக் கதைகளை, மௌத்தாவதற்கு முந்தின நோன்பில், இரவில் இருந்து சொல்லிச் சொல்லிப் பதிந்தது. இங்கே எங்கள் தெருவில் யார் யாருக்கு எந்த வளவு, எந்தக் கிணறு நல்ல தண்ணீர், யாருடைய கடையில் என்ன விற்றது, 1990 ஒக்டோபர் 30 அன்று எந்த வழியால் நடந்தது, எல்லாம். பிளேயர் திறபடாமல் போக, ரவுனில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். போமற் அடித்து, 300 ரூபா வாங்கி, அக்கா பாவம் என்று இரக்கப்பட்டு, அந்தத் தம்பி சும்மா இருக்கட்டும் என்று பிளேயர் நிறையப் பாட்டும் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். இலவசமாக. பிளேயரில் இடம் இருக்குமட்டும்.

ஒவ்வொரு துண்டின் மேலேயும் ஒரு சினிமாப் பாட்டு. இனி உலகத்தில் எந்த மென்பொருளாலும் அந்தக் குரலை எடுக்க ஏலாது. நான் இரண்டு இரவு இருந்து பார்த்தேன். கடைசி மூலையில் மிச்சமிருந்த இடத்தில் பதினொரு செக்கன் கிடைத்தது. அதில் அவர் இருமுகிறார், பிறகு யாரிடமோ தண்ணீர் கேட்கிறார். ராத்தா அந்தப் பதினொரு செக்கனையும் போனில் போட்டு வைத்திருக்கிறார்.

அந்தத் தம்பியை நான் வில்லனாக்க வரவில்லை. அவர் நல்ல பிள்ளை. 300 ரூபாவுக்கு மூன்று மணித்தியாலம் ஒரு பிளேயரோடு மினக்கெட அவரால் ஏலாது, கடை வாடகை இருக்கிறது. ஆனால் அப்படியென்றால் "என்னால ஏலாது அக்கா, வேற யாரிட்டயும் காட்டுங்கோ" என்று சொல்லலாமே. வைத்தியருக்கே தெரியாத வருத்தத்துக்குக் கையை வெட்டிவிட்டுக் கட்டுப் போட்டு அனுப்புவார்களா? "உள்ளே ஏதும் முக்கியமானது இருக்கா?" என்ற ஒரு கேள்வி. இதைக் கேட்க எவ்வளவு நேரம் போகும்?

இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறேன் என்று சிலர் நினைப்பீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் சனம் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியே போனது. அல்பம், உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ், கலியாணக் கசட், எல்லாம் வீட்டிலேயே கிடந்தன. என் வயதில் உள்ள பலருக்குத் தங்கள் மூத்தவாப்பாவின் முகம் எப்படி என்று காட்ட ஒரு படமும் இல்லை. அறிக்கைகளில் எங்கள் தொகை இருக்கிறது, திகதி இருக்கிறது. எந்தக் கிணறு நல்ல தண்ணீர் என்று இல்லை. அது கிழவர்களின் வாயில் மட்டும் இருந்தது. அவர்களில் கொஞ்சப் பேர் இந்த மலிவுப் பிளேயர்களில் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அன்றைக்குத் துவக்கோடு நின்று விட்டுப் போகச் சொன்னார்கள். இன்றைக்கு யாரும் நிற்கவில்லை. 300 ரூபா கொடுத்து நாங்களே அழிப்பிக்கிறோம்.

தமிழ்ச் சகோதரர்களுக்கும் இது சேரும். 1981 இல் நூலகம் எரிந்ததை வருடா வருடம் ஜூன் மாதம் எழுதுகிறீர்கள், எழுதத்தான் வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை உங்களிடம் இருக்கிறது. அவர்களின் குரலும் இதே லாச்சிகளில்தான் கிடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

நான் லினக்ஸ் பாவிக்கிறவன். கலாசாலையில் படித்த காலத்தில் கள்ள விண்டோஸ் போட்ட பழைய லப்டொப் வைரஸில் நொந்துபோக, வேறு வழியில்லாமல் மாறினேன். இப்போது விருப்பத்தோடு இருக்கிறேன். "சேர், அது எஞ்சினியர்மாருக்குத்தானே" என்கிறார்கள். உங்கள் கொம்பியூட்டரில் எதையும் மாற்றவே தேவையில்லை. உபுண்டுவையோ லினக்ஸ் மின்ரையோ ஒரு பென்ரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஸ்ரார்ட் பண்ணி, "சும்மா பார்க்கிறேன்" என்ற தெரிவைக் கொடுத்தால் போதும். வேலை முடிய பென்ரைவைக் கழற்றினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

லினக்ஸில் எனக்குப் பிடித்தது, அது காரணம் சொல்லும். பிளேயரைக் குத்திவிட்டு டேர்மினலைத் திறந்து சூடோ என்று போட்டு, டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்தைத் தட்டினால், கேர்னல் என்ன கண்டது என்று வரிவரியாக வரும். "முறையாகக் கழற்றப்படவில்லை, சில தரவு பழுதாகியிருக்கலாம்" என்று வந்தால், யாரோ எழுதிக்கொண்டிருக்கும்போதே வயரை இழுத்திருக்கிறார்கள். இது சின்ன விசயம், பெரும்பாலும் எல்லாம் பத்திரம். வாசிப்புப் பிழை என்று வரிசையாக வந்தால் மெமரியே சாகிறது, ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. ஒன்றுமே வராவிட்டால் முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். சிரிக்காதீர்கள், என்னிடம் "செத்துப்போச்சு" என்று வந்தவற்றில் கொஞ்சம் வயர்ப் பிழைதான்.

சில பிளேயர்களின் மெனுவில் யூ.எஸ்.பி. மோட் என்று ஒன்று இருக்கும். எம்.ரி.பி. என்று இருந்தால் எம்.எஸ்.சி. என்று மாற்றுங்கள். எம்.ரி.பி.யில் பிளேயர் தன் கோப்புகளைத் தானே எடுத்துத் தரும், எங்களை உள்ளே விடாது. எம்.எஸ்.சி.யில்தான் கதவு முழுதாகத் திறக்கும்.

இன்னொன்று. பிழை கண்டவுடன் லினக்ஸ் அந்த டிஸ்கை வாசிக்க மட்டும் விட்டு, எழுதுவதைப் பூட்டிவிடும். பாட்டு ஏற்ற ஏலாது. "லினக்ஸில பிளேயர் லொக் ஆகுது, விண்டோஸில அப்படி இல்லை" என்று ஒருவர் இங்கேயே முன்பு கொமன்ற் போட்டார். அந்தப் பூட்டு உங்கள் நன்மைக்கு. பழுதான அட்டவணையை வைத்துக்கொண்டு மேலே எழுதினால், எது வெறும் இடம், எது வாப்பாவின் குரல் என்று மெஷினுக்குத் தெரியாது.

இனி முக்கியமான ஒழுங்கு. முதல் வேலை திருத்துவதல்ல, முழுப் பிரதி எடுப்பது. டி.டி.ரெஸ்கியூ என்று ஒரு கருவி இருக்கிறது. பிளேயரின் மெமரியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே கோப்பாகக் கொம்பியூட்டரில் இறக்கிவிடும். நல்ல இடங்களை முதலில் வாசித்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதற்கான குறிப்புக் கோப்பின் பெயரையும் கொடுத்திருந்தால். 8 ஜி.பி. பிளேயர் என்றால் அவ்வளவு இடம் கொம்பியூட்டரில் வேண்டும். ஒரு எச்சரிக்கை: எதிலிருந்து எதற்கு என்று பிழையாகக் கொடுத்தால் இருக்கிற தரவு அழிந்துவிடக்கூடும். லினக்ஸ் "நிச்சயமா?" என்று கேட்டுக்கொண்டு நிற்காது. பெயரை இரண்டு முறை பார்த்து, பக்கத்தில் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லிவிட்டு என்ரரை அமத்துங்கள்.

பிறகு பிளேயரைக் கழற்றி, ஒரு கடித உறையில் போட்டு, அலுமாரியில் வையுங்கள். எல்லாச் சோதனையும் பிரதியில்தான்.

லினக்ஸ்காரர்களுக்கும் ஓர் அடி இருக்கிறது, விடமாட்டேன். எந்த உதவிக் குறிப்பைப் பார்த்தாலும் உடனே "எப்.எஸ்.சி.கே. ஓடு" என்று எழுதியிருப்பார்கள். தானாகத் திருத்தும் தெரிவோடு. பாட்டுக்கு அது பரவாயில்லை, பாட்டைத் திரும்ப ஏற்றலாம். குரல்பதிவுக்கு அது ஆபத்து. கிழவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே பற்றரி இறங்கி பிளேயர் செத்தால், பல பிளேயர்கள் அளவை எழுதுவதற்கு முதலே செத்துவிடும். அட்டவணையில் நீண்ட சங்கிலி இருக்கும், போல்டரில் அளவு 0 என்று இருக்கும். எப்.எஸ்.சி.கே. இரண்டையும் ஒப்பிட்டு, "அளவு 0 தானே, மிச்சத்தை வெட்டிவிடுகிறேன்" என்று சங்கிலியை வெட்டும். அதன் கணக்கில் அது சரி. டிஸ்க் சுத்தமாகிவிட்டது என்று சொல்லும். ஒரு மணித்தியாலப் பேச்சு வெறும் இடமாகிவிடும். கடைக்காரரின் போமற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற எப்.எஸ்.சி.கே.க்கும் இந்த இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே முதலில் எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் செய்யும் தெரிவோடு ஓட்டி, அது என்ன செய்யப் பார்க்கிறது என்று வாசியுங்கள். 0 அளவுக் கோப்பு இருந்தால் அதைத் தொடவிடாதீர்கள்.

அப்படியான கோப்புக்கு போட்டோரெக் இருக்கிறது. பெயர் போட்டோ என்றாலும் எம்.பி.3, வேவ் எல்லாம் தேடும். அட்டவணையைப் பார்க்காமல், மெமரி முழுக்க நடந்து, ஒலிக்கோப்பின் தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று மோப்பம் பிடித்து எடுக்கும். பெயர்கள் தொலைந்துவிடும், எல்லாம் இலக்கமாக வரும், இருந்து கேட்டுப் பிரிக்க வேண்டும். அதன் கூடப்பிறந்த டெஸ்ட்டிஸ்க் அட்டவணையையும் முதல் பக்கத்தையும் மேலதிகப் பிரதியிலிருந்து திருத்திப் பார்க்கும். இரண்டும் இலவசம். விண்டோஸிலும் ஓடும், அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதாவது கடையில் இருக்கிற அதே கொம்பியூட்டரிலேயே ஓடும். கடைக்காரர்களுக்கு ஒரு சாட்டுக் குறைந்தது.

வேவ் கோப்பு தலைப்பு இல்லாமல் கிடைத்தாலும் கைவிடாதீர்கள். ஓடாசிற்றியில் "மூலத் தரவாக இறக்கு" என்று ஒரு வழி இருக்கிறது. வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். முதலில் இரைச்சல், பிறகு எலிக்குரல், பிறகு திடீரென்று மனிதக்குரல் வரும்.

போமற் தேவையே இல்லாத இடத்திலும் அடிக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். "சூறாக்கள் ஒழுங்கில்லாமல் ஓதுது, பிளேயர் பழுது" என்று வருகிறார்கள். மலிவான பிளேயர்கள் பல, பெயரின் ஒழுங்கைப் பார்ப்பதில்லை. போல்டரில் எது முதல் எழுதப்பட்டதோ அதை முதல் ஓதும். பாட்சோர்ட் என்ற சின்னக் கருவி அந்த வரிசையைத் திருத்திவிடும். ஒரு நிமிட வேலை. பிரதி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

மலிவுக் காட் பற்றியும் சொல்லாமல் போக ஏலாது. மேலே 64 ஜி.பி. என்று அச்சடித்திருக்கும், உள்ளே 8 தான் இருக்கும். கொம்பியூட்டருக்கும் 64 என்றே பொய் சொல்லும். எட்டு நிரம்பும் வரை ஒழுங்காக இருக்கும், அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது பழையதின் மேலேயே ஏறும். பெயர்கள் தெரியும், திறந்தால் ஒன்றும் இராது. இதை எத்தனை முறை போமற் அடித்தாலும் திருந்தாது, ஒவ்வொரு முறையும் 300 ரூபா போகும். லினக்ஸில் எப்3 என்ற கருவி காட்டை நிரப்பி, திரும்ப வாசித்து, உண்மை அளவைச் சொல்லும். வாங்கின அன்றே, வெறுமையாக இருக்கும்போதே சோதியுங்கள். பொய்க் காட்டை விற்ற கடைக்கே திருப்பிக் கொண்டு போங்கள், நாலு பேர் பார்க்கக் கதையுங்கள். இந்த விசயத்தில் மட்டும் நான் சண்டைக்கு ஆதரவு.

வயரை இழுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். கொப்பி பண்ணுகிற கோடு முடிந்தவுடன் எல்லாம் பிளேயருக்குள் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். லினக்ஸ் முதலில் தன் நினைவில் வைத்துக்கொண்டு பிறகு ஆறுதலாக எழுதும். பக்கத்தில் உள்ள சின்ன அம்புக்குறியை அமத்தி, "இனிக் கழற்றலாம்" என்று வரும்வரை பொறுங்கள். அவசரம் என்றால் டேர்மினலில் எஸ், வை, என், சி என்று தட்டுங்கள், அது திரும்பி வந்தால் எழுதி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்புக்குறி.

கடைக்காரத் தம்பிமாரே, உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்கள், இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். போமற்றுக்கு 300 வாங்குங்கள், மீட்டுக் கொடுத்தால் 3,000 கேளுங்கள். சனம் தரும். வாப்பாவின் குரலுக்குப் பேரம் பேசுகிற மகளை நான் இதுவரை காணவில்லை. படிப்பித்துத் தர நான் தயார், சதமும் வேண்டாம். சுவரில் ஒரு காகிதம் மட்டும் ஒட்டுங்கள்: "போமற் செய்வதற்கு முதல் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவும்."

பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் பழைய மாணவர்களுக்கும் ஒரு கேள்வி. கட்டடத்துக்குச் சேர்க்கிறோம், மைதானத்துக்குச் சேர்க்கிறோம், நல்லது. ஒரு பழைய லப்டொப், ஒரு 2 ரி.பி. ஹாட்டிஸ்க், இவ்வளவும் இருந்தால் எங்கள் ஊர்க் கிழவர்களின் குரல் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்கலாம். வீட்டுக்காரர் விரும்பினால் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்கும் கொடுக்கலாம், 2005 இலிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறார்கள், வாய்மொழி வரலாறுகளும் சேர்க்கிறார்கள். ஹாட்டிஸ்க்குக்கு யார் பொறுப்பு?

நான் சனிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். பிளேயரை இனிமேல் ஓன் பண்ணாமல், எதையும் அமத்தாமல் அப்படியே கொண்டு வாருங்கள். வெறும் பென்ரைவ் ஒன்றும் வேண்டும். தயவுசெய்து அந்தப் பிளேயரோடு வந்த வயரையும் தேடி எடுத்து வாருங்கள், பழைய குண்டு வாய் வயர் இப்போது ரவுனில் தேடினாலும் இலேசில் கிடைப்பதில்லை, என்னிடம் இருந்த ஒன்றும் போன கிழமை உள்ளே அறுந்துவிட்டது.